மூச்சை இழுத்துச் சொன்ன ‘யா’

நான் முதன்முதலாக மொழிபெயர்த்துச் சொன்ன மனிதர் பின்னாளில் ஒரு தேசத்துக்குத் தூதரானார். நார்வேக்காரர். நான் பார்த்தபோது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தில்லியிலிருந்த அவர்கள் நாட்டுத் தூதரகத்தில் இரண்டாம் செயலாளராக இருந்தார். எனக்கு இருபத்தொன்று. சித்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலையில் சொல்லிக்கொடுப்பேன், மாலையில் சுருக்கெழுத்து ஹையர் பரீட்சைக்குப் படிப்பேன். அவருடைய உத்தியோகம் என் நோட்டுப் புத்தகத்தில் தொங்கிக்கொண்டு நின்ற இரண்டு வாரம் உண்டு. அதை எத்தனை தடவை யாரிடம் சொன்னாலும் எனக்கு இன்னும் படபடப்பு வந்துவிடுகிறது.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் எல்லைக்கோடு எங்கே என்பது மட்டும் முடிவாகவில்லை. புத்தூர், நகரி, திருத்தணிப் பக்கத்துத் தமிழ் ஊர்கள் சென்னையோடு சேர வேண்டும் என்று மனுப் போட்டுக்கொண்டிருந்தன. தெலுங்கு பேசும் ஊர்கள் கூடவே கூடாது என்று எதிர்மனுப் போட்டன. இரண்டு பக்கத்து மனுக்களும் ஆங்கிலத்தில் டைப் ஆக எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்குத்தான் வரும். காலையில் ஓர் ஊரைப் பற்றி ‘இங்கே தமிழர்களே அதிகம்’ என்று அடிப்பேன். மத்தியானம் அதே ஊரைப் பற்றி ‘இங்கே தெலுங்கர்களே அதிகம்’ என்று அடிப்பேன். இரண்டிலும் ஒரு எழுத்துப் பிழை இருக்காது.

என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், புத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். ஊர்த் தமிழ்க் கமிட்டியில் முன்வரிசை ஆள். நான் சித்தூரில் அத்தை வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போனேன்.

ஒரு பங்குனி மாதக் காலையில் பிரயாணிகள் பங்களாவின் வாட்ச்மேன் சைக்கிளில் வந்து எங்கள் மாஸ்டரிடம், “வெள்ளைக்கார தொர ஒர்த்தர் வந்துகிறாரு. தமிழு, தெலுகு, இங்கிலீசு மூணும் பேசற ஆளு ரெண்டு நாளைக்கு வேணுமாம்” என்றான். மாஸ்டர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். மூன்றும் சரளமாகப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

வயசுப் பெண்ணை வெள்ளைக்காரனோடு காரில் தனியாக அனுப்புவதா என்று மாஸ்டர் யோசித்தார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து, “நான் கூடப் போறேன். எனக்குத் திருப்பதியில தங்கச்சி வீடு கீது” என்றார். அரை மணி நேரத்தில் ஒரு தூக்குச் சட்டி நிறையப் புளிச்சோறும், ஒரு டிபன் பாக்ஸில் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, காரின் முன் இருக்கையில் தில்லி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த டிரைவருக்கு இந்தியைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு நாளும் அந்த அம்மாள் அவரிடம் தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தார். அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

செயலாளர் நல்ல உயரம். வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “மீன் கடவுள் எங்கே இருக்கிறார்?”

தெரிந்த கோயில்களையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிறகு நாகலாபுரம் என்று பிடிபட்டது. அங்கே வேதநாராயணர் இடுப்புக்குக் கீழே மீன் உருவம். பங்குனியில் சில நாள் சாயங்காலச் சூரியன் கோபுர வாசல் வழியாக நுழைந்து நேராகக் கர்ப்பக்கிரகத்துக்குப் போய் மூலவர் மேல் விழும். ஒரு நாள் பாதத்தில், ஒரு நாள் நாபியில், ஒரு நாள் நெற்றியில். யாரோ பெங்களூரில் இதை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“என் அப்பா மீனவர். அவருடைய அப்பாவும் மீனவர்” என்றார். “கேரளக் கடற்கரையில் மீன்பிடிப் படகுகள் சம்பந்தமாகத்தான் என் வேலையே. அப்படிப்பட்டவன் மீன் கடவுளைப் பார்க்காமல் சென்னைக்குப் போனால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.”

கார் திருப்பதிச் சாலையில் ஏறியதும் நான் அவருக்கு வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். நான் ஏதாவது சொன்னால் அவர் திடுக்கென்று மூச்சை உள்ளே இழுப்பார். அந்த மூச்சோடு ‘யா’ என்று ஒரு சத்தம் வரும். பயந்துபோனவர் மூச்சை இழுக்கிற மாதிரி இருக்கும். நாலைந்து தடவை ஆனதும் முன் இருக்கையிலிருந்து அந்த அம்மாள் திரும்பி, “பாவம், இந்தப் புள்ளைக்கு இழுப்பு கீது. துளசி கஷாயம் வெச்சிக் குடுக்கணும்” என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கத் தயங்கினேன். அவர் விடவில்லை. என்ன சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொன்னேன். காரே குலுங்கும்படி சிரித்தார்.

“வியாதி இல்லை. எங்கள் நாட்டு வடக்கில் எல்லோரும் இப்படித்தான் சொல்வோம். ஆமாம் என்றும் அர்த்தம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்றும் அர்த்தம்.”

எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. மூச்சை வெளியே விட்டுப் பேசுவதுதான் உலகத்து வழக்கம் என்று நினைத்திருந்தேன். உடனே நோட்டை எடுத்துச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டேன். அப்போது எனக்கு அது ஒரு பைத்தியம். பரீட்சைக்குப் பயிற்சி என்று கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எழுதுவேன். காய்கறிக்காரி பேரம் பேசுவதைக்கூட எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று திருப்பதியில் தங்கினோம். அவர் பங்களாவில், நாங்கள் தங்கச்சி வீட்டில். மறுநாள் மத்தியானச் சாப்பாடு ஆனதும் நாகலாபுரத்துக்குக் கிளம்பினோம். புத்தூர் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் என் மனசு துள்ள ஆரம்பித்தது. எங்கள் ஊர் அந்த வழியில்தான். காரில் வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து போவதை ஊரில் யாராவது ஒருத்தராவது பார்க்க வேண்டும் என்று ஜன்னலுக்கு நெருங்கி உட்கார்ந்தேன்.

ஒருத்தர் பார்க்க ஆசைப்பட்டேன். ஊரே நின்றது. எங்கள் ஊர் ஏரிக்கரையில், சாலைக்குக் குறுக்கே, நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். மாலை, எலுமிச்சம்பழம், மேளம்கூட வந்திருந்தது. கூட்டத்தின் ஒரு பாதி எங்கள் ஊர்த் தமிழ் ஜனம். மறுபாதி ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்த் தெலுங்கு ஜனம். அவர்களுக்கு முன்னால் அந்த ஊர் நிலக்கணக்குப் பார்க்கிற கர்ணம், கணக்குக் கட்டோடு. இவர்களுக்கு முன்னால் தோளில் துண்டும் கையில் சுருட்டிய மனுவுமாக என் நைனா.

புத்தூரில் வண்டி சூடேறிப்போய், தண்ணீர் ஊற்றி ஆறவிட நாங்கள் ஒரு மணி நேரம் நின்றபோது, செயலாளர் ரோடு மேப்பை விரித்துப் பார்த்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். தில்லி நம்பர் வண்டி, வெள்ளைக்காரர், கையில் படம். எல்லை அதிகாரி வந்துவிட்டார் என்று சைக்கிளில் ஆள் பறந்திருக்கிறது.

நைனா என்னைப் பார்த்துவிட்டார். கண் ஒரு தடவை விரிந்தது. உடனே முகத்தைச் சரி செய்துகொண்டு, முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல, “யம்மா, தொர கிட்ட சொல்லு. நாங்க வெடியற்காலத்துலருந்து காத்துக்கினு கீறோம்னு சொல்லு” என்றார். அது பொய். சைக்கிள் ஆள் வந்தே அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

செயலாளருக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்தது. காரிலிருந்து இறங்கி நின்று, எனக்கு எழுத வசதியாக ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: “நான் எல்லை அதிகாரி இல்லை. நான் வேறு நாட்டுக்காரன். உங்கள் எல்லையைப் பற்றி எனக்கு எந்த அதிகாரமும் இல்லை, கருத்தும் இல்லை. கோயிலுக்குப் போகிற வழிப்போக்கன்.”

தமிழில் சொன்னேன். தெலுங்கில் சொன்னேன். எழுதிக்கொள்ளவும் செய்தேன்.

ஒருத்தரும் நம்பவில்லை. “பெரிய மனுசங்க அப்டித்தான் சொல்லுவாங்க” என்றது எங்கள் பக்கம். “பெத்தவாள்ளு அலாகே செப்தாரு” என்று அதையே தெலுங்கில் சொன்னது அந்தப் பக்கம். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே அபிப்பிராயம். செயலாளர் கழுத்தில் மாலை விழுந்தது. மோர் வந்தது. வண்டிக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

செயலாளர் என்னிடம் மெல்லக் கேட்டார்: “கேட்காமல் போனால் என்ன நினைப்பார்கள்?”

“எதிராளியிடம் பேசி முடித்துவிட்டுத்தான் போகிறீர்கள் என்று இரண்டு பக்கமும் நினைப்பார்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“கேட்டால்?”

“சூரியன் போய்விடும்.”

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. அரை மணி நேரம் கேட்கிறேன், ஆனால் எதற்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று சொன்னார். அதையும் இரண்டு பாஷையிலும் சொன்னேன். அதையும் எழுதினேன்.

நைனா ஆரம்பித்தார். அப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பாட்டன் பூட்டன் காலத்துக் கோயில் திருவிழாவிலிருந்து தொடங்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எந்தப் பாஷையில் படிப்பது, தாலுகா ஆபீசில் எந்தப் பாஷையில் மனு எழுதுவது என்று ஏறிக்கொண்டே போனார். நான் மூச்சு விடாமல் ஆங்கிலமாக்கினேன். நடுநடுவே அவர் என்னை முறைத்து, “நான் இத்தினி சொன்னேன், நீ அத்தினூண்டுதான் சொல்ற?” என்று மடக்கினார். “இங்கிலீஷ்ல அவ்வளவுதான் வரும்” என்றேன். “இன்னா பாஷை அது?” என்றார்.

பிறகு கர்ணம். நிதானமான மனிதர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டா, ஒரு பக்கம், ஒரு கையெழுத்து என்று கட்டைப் பிரித்துக் காட்டினார். நைனா சொன்ன ஒவ்வொன்றையும் அவர் மறுக்க, அதையும் நானே, நைனாவின் முகத்துக்கு முன்னாலேயே, ஒரு சொல் குறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. “தமிழ்க்காரங்க சத்தம் போட்டா ஊர் மாறிடாது” என்று அவர் சொன்னதையும் சொன்னேன். நைனாவின் காது சிவந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்து நோட்டு நனைந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை இருந்ததில்லை. மூன்று பாஷையும் என் வாய் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தன. ஒரு தடவை குழம்பிப்போய்ச் செயலாளரிடம் தெலுங்கிலும், கர்ணத்திடம் ஆங்கிலத்திலும் பேசிவிட்டேன். கர்ணம் கைகூப்பி, “தாங்க் யூ” என்றார். இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது.

செயலாளர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லவில்லை. மூச்சை இழுத்து ‘யா’. நைனா பேசும்போது ‘யா’. கர்ணம் பேசும்போதும் ‘யா’. அந்த மும்முரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

கார் கிளம்பும்போது நாலரை தாண்டிவிட்டது. அதற்கப்புறம் ஓட்டினாரே அந்த டிரைவர்! மாட்டு வண்டிகள் ஒதுங்க, கோழிகள் பறக்க, முன் இருக்கையில் அந்த அம்மாள், “பெருமாளே, அணைஞ்சிடாதே, அணைஞ்சிடாதே” என்று சூரியனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அப்போதுதான் செயலாளர் சொன்னார், அவர் ஊரில் நவம்பரில் மறைகிற சூரியன் ஜனவரியில்தான் திரும்பி வருமாம். இரண்டு மாசம் பகலே இருக்காதாம். வருகிற அன்று பள்ளிக்கூடம் லீவு. ஊரே குன்றில் ஏறி நின்று அதைப் பார்க்குமாம். நான் அதை அம்மாளுக்குச் சொன்னேன். “ரெண்டு மாசமா? வடகம் எப்படிக் காயும்?” என்றார்.

கோயில் வாசலில் இறங்கும்போது வெளிச்சம் சாய்ந்து கோபுர வாசலுக்குள் புகுந்துகொண்டிருந்தது. அவர் வெளிப்பிரகாரத்திலேயே ஓரமாக நின்றுகொண்டார். உள்ளே வரக்கூடாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. “நீங்கள் போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள். ஒன்றும் விடாமல்” என்றார்.

ஓடினேன். என் வாழ்நாளில் கோயிலுக்குள் ஓடியது அன்று மட்டும்தான். உள்ளே ஜனம் கோவிந்தா, கோவிந்தா என்று முழங்கிக்கொண்டிருந்தது. நடுவில் வழி விட்டிருந்தார்கள், வெளிச்சம் போவதற்காக. பிரகாரம் தாண்டி, மண்டபம் தாண்டி, படி தாண்டி, பொன் நிறத்தில் ஒரு கீற்று தரையோடு போய்க் கருவறைக்குள் ஏறியது. பெருமாளின் நாபியில் போய் நின்றது. கறுப்புச் சிலை அந்த ஒரு இடத்தில் மட்டும் தேன் மாதிரி பளபளத்தது. கீழே மீனின் செதில்கள் தெரிகிறாற்போல இருந்தது. அது என் கண் செய்த வேலையாகவும் இருக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி, மங்கி, அணைந்துவிட்டது.

வெளியே ஓடிவந்து மூச்சு வாங்க அத்தனையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் தீர்ந்துபோய் நடுவில் தமிழிலும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “என் அம்மாவுக்கு இன்று எழுதுவேன்” என்று மட்டும் சொன்னார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல பிரயாணம், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து, நான் வகுப்பில் இருக்கும்போது தந்தி வந்தது. மாஸ்டர் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பிரித்தார். எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்கு அதற்கு முன் தந்தி வந்ததெல்லாம் சாவுச் செய்திதான். தில்லியிலிருந்து அவர் அனுப்பியிருந்தார். ஏரிக்கரையில் நான் பேசியதை நீங்கள் எழுதினீர்களா, இருந்தால் முழுதும் உடனே அனுப்பவும், மிக அவசரம் என்று இருந்தது. அதற்கு மறுநாள் ஒரு கடிதமும் வந்தது. அதில்தான் விஷயம் புரிந்தது.

ஒரு தமிழ்ப் பத்திரிகையில், எல்லையைப் பார்வையிட்ட அயல்நாட்டு அதிகாரி தமிழர் பக்கமே நியாயம் என்று ஒப்புக்கொண்டார் என்று செய்தி வந்திருக்கிறது. ஒரு தெலுங்குப் பத்திரிகையில், அதே அதிகாரி தெலுங்கர் பக்கமே நியாயம் என்று ஒப்புக்கொண்டார் என்று வந்திருக்கிறது. இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவதைவிடப் பெரிய தப்பு தூதரக உத்தியோகத்தில் கிடையாது. அவருடைய தூதர் விளக்கம் கேட்டிருக்கிறார். திருப்தியாகப் பதில் இல்லையென்றால் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான், அத்தோடு உத்தியோகமும் போய்விடும் என்று எழுதியிருந்தார். ‘நான் யார் பக்கமும் பேசவில்லை என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.’

எனக்குப் பொறி தட்டியது. ‘யா’!

அன்றே உட்கார்ந்து நோட்டைப் பிரித்துப் பதினொரு பக்கம் டைப் அடித்தேன். அவர் இறங்கியதும் சொன்ன முதல் வாக்கியத்திலிருந்து கர்ணத்தின் தாங்க் யூ வரைக்கும். ஏரிக்கரைக்கு முந்தின நாள் காரில் அவர் அந்த மூச்சுக்குச் சொன்ன விளக்கத்தையும் சேர்த்தேன். மாஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு, “நீ எழுதினதை நீயே உண்மைன்னு சொன்னா யார் கேப்பாங்க? அங்க இருந்தவங்க கையெழுத்து வேணும், ரெண்டு பக்கமும்” என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ். வீட்டுக்குள் நுழைந்ததும் விஷயத்தைச் சொன்னேன். நைனா கடலைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரரிடம் சொன்னது அவர்தான். மறைக்கவில்லை.

“நான் இன்னா பொய்யா சொன்னேன்? நான் பேசப் பேச ‘யா, யா’ன்னு ஒத்துக்கினாரா இல்லியா? நீயும் பக்கத்துலதான இருந்த?”

“நைனா, அவரு கர்ணத்துக்கும் அதே தான் சொன்னாரு.”

“கர்ணத்துக்குச் சும்மா சொல்லியிருப்பாரு. எனக்குச் சொன்னப்ப மூச்ச இழுத்து மனசாரச் சொன்னாரு.”

வாக்குவாதத்தில் பயனில்லை என்று அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஏரிக்கு அந்தப் பக்கம் நடந்தேன். வரமாட்டேன் வரமாட்டேன் என்றே வந்தார். கர்ணம் வீட்டில் இல்லை, மாந்தோப்பில் இருந்தார். அங்கேயே பிடித்தோம். விஷயத்தைத் தெலுங்கில் சொன்னதும் அவர் கட்டைவிரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு, “மாக்கே கதா ‘யா’ அன்னாரு!” என்றார். எங்களுக்குத்தானே யா என்றார் என்று அர்த்தம். சொன்னதோடு மூச்சை இழுத்து நடித்தும் காட்டினார்.

நைனா, “அப்டி இல்ல, இப்டி” என்று தானும் இழுத்துக் காட்டினார்.

“காது, இலா” என்று அதையே தெலுங்கில் சொல்லிக் கர்ணம் மறுபடி இழுத்தார்.

மாமரத்தடியில் இரண்டு பெரிய மனிதர்கள் எதிரும் புதிருமாக நின்று, மாறி மாறி, மூச்சை இழுத்து ‘யா’ சொல்லிக்கொண்டார்கள். மூன்றாவது முறையில் நைனாவுக்குப் புரை ஏறிவிட்டது. கர்ணம் அவர் தலையில் தட்டினார். தட்டினவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனாவும் இருமிக்கொண்டே சிரித்தார். நான் அந்த இடைவெளியில் காரில் அவர் சொன்ன அர்த்தத்தைச் சொன்னேன். துளசி கஷாயத்தையும் சொன்னேன்.

சிரிப்பு அடங்கியதும் நைனா கேட்டார்: “நெசமாவே அந்தாளுக்கு வேல போயிடுமா?”

“போயிடும் நைனா.”

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். “நம்ம ஊரு மோர் குடிச்ச மனுசன். நாம சொன்ன சொல்லால அவம் பொழப்பு கெடக்கூடாது. எங்க கையெழுத்து போடணும், காட்டு” என்றார். முதல் வாக்கியத்தைத் தமிழில் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். “ஆமா, மொதல்லயே சொன்னாரு. நாமதான் கேக்கல” என்றபடி போட்டார். கர்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினொரு பக்கத்தையும் வரி வரியாகப் படித்து, பட்டாவில் போடுவதுபோல ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, கடைசியில் தேதியும் இட்டார். அதைப் பார்த்த நைனா பேப்பரைத் திரும்ப வாங்கி, தானும் ஒவ்வொரு பக்கத்திலும் போட்டார்.

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே என் விரல் டைப்ரைட்டர் விசைகளில் தடுமாறும். பத்தாம் நாள் தந்தி வந்தது. ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தை. விஷயம் முடிந்தது, நன்றி. நான் வகுப்பு நடுவில் கத்திவிட்டேன். பன்னிரண்டு டைப்ரைட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றன. மாஸ்டர் மனைவி தோசைக்கரண்டியோடு ஓடிவந்தார்.

அடுத்து வந்த கடிதத்தில் விவரம் எழுதியிருந்தார். அவருடைய தூதர் பதினொரு பக்கத்தையும் படித்து, ‘யா’ வரும் இடத்தில் சத்தமாகச் சிரித்தாராம். அவரும் வடக்குக்காரராம். இனிமேல் இந்தியாவில் மூச்சை வெளியே விட்டே பேசும்படி ஓர் உத்தரவு போட்டாராம். அது உண்மையா விளையாட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சில வருஷங்களில் எல்லை முடிவானது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நைனா இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஏரி மதகு விஷயமாகக் கர்ணத்தைப் பார்க்கப் போனார். எப்போதும்போல மத்தியானம்வரை சண்டை போட்டுவிட்டு வந்தார்.

எனக்கு அந்த ஏரிக்கரை ருசி விடவில்லை. டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டுக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் பரீட்சை எழுதினேன், தேறினேன். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று மூன்று பாஷையிலும் பிறர் சொன்னதைச் சொல்லிக்கொண்டே என் காலம் போயிற்று. அவர் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தார். தென் அமெரிக்காவில் மூன்று வருஷம், சொந்த ஊரில் இரண்டு வருஷம், அப்புறம் ஆப்பிரிக்கா. எங்கே போனாலும் அங்கிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். முதல் செயலாளர், ஆலோசகர் என்று பதவி ஏற ஏறக் கையெழுத்து மட்டும் மோசமாகிக்கொண்டே போயிற்று.

அவர் தூதரான செய்தி வந்த அன்று நான் வேலை பார்த்த திருப்பதியிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நைனாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ராஜா ஆளுகிற ஒரு நாடாம். நியமனப் பத்திரத்தை ராஜாவின் கையில் நேரில் கொடுக்க வேண்டுமாம். அரண்மனையிலிருந்து குதிரை வண்டி வந்ததாம். புது ஷூ கடித்ததாம். ராஜாவுக்கு முன்னால் மூன்று தடவை குனிய வேண்டும், இரண்டாவது தடவை கண்ணாடி நழுவிக் கம்பளத்தில் விழுந்துவிட்டதாம். ராஜாவே குனிந்து எடுத்துக் கொடுத்தாராம்.

“ராஜாவேவா?” கட்டிலில் சாய்ந்திருந்த நைனா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “கையால எடுத்தாரா? இவரு இன்னா சொன்னாரு? வண்டிக்கு எத்தினி குதுர? ராஜா வயசானவரா, சின்னவரா? மோர் கீர் குடுத்தாங்களா?”

“அதெல்லாம் எழுதல நைனா.”

“எழுதிக் கேளு. இப்பவே எழுது. கர்ணம் கேட்டா நான் இன்னா சொல்றது?”

பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போனேன். பதினான்கு கேள்விகள் ஆயின. பதினைந்தாவது என்னுடையது: ராஜா பேசும்போது மூச்சை உள்ளே இழுத்தீர்களா, வெளியே விட்டீர்களா? மத்தியான பஸ்ஸில் புத்தூருக்குப் போய் அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.